நாலு தொன்

…முப்பத்தெட்டு. என்ர லொறிக்கு முப்பத்தெட்டுக் குதிரைவலுவாம், மாஸ்டர். அந்தக் கதவில சாயாதேங்கோ, அது தானாத் திறக்கும். கிளிநொச்சியில பஸ்ஸை விட்டிட்டு நிண்ட உங்களையும் ஏத்தி, விசுவமடு நெல்லையும் இழுத்துக்கொண்டு வருது. முப்பத்தெட்டு இழுக்கிற இழுவையோ இது?

வவுனியாவில ஒரு கராச்சில புது மிசின் இறக்கியிருக்கினம். பின்சில்லை உருளையில ஏத்தி, சங்கிலியால கட்டிப்போட்டு, நிண்ட இடத்திலயே ஓடவேணும். எஞ்சினின்ர வலுவை ஒரு முள்ளு காட்டும்; போன கிழமை எனக்கு முப்பத்தெட்டிலயே நிண்டிட்டுது. அறுபது காட்டினாத்தான் கூட்டுறவுச் சங்கத்து நெல் ஏத்திற வேலை தருவினமாம். அந்த வேலை வராட்டி லொறியை வித்துப்போட்டு மாடு வாங்கச் சொல்லுறா என்ர மனிசி விமலேஸ்வரி. மாட்டை ஒருத்தரும் உருளையில ஏத்த மாட்டினமாம்.

அப்புத்துரையின்ர லொறிக்கு எவ்வளவு தெரியுமோ? எழுபது. காலமையில நாலு பேர் தள்ளாட்டி அசையாத லொறி. தள்ளுற ஆக்களின்ர வலுவையும் சேர்த்து அளந்தாங்களோ தெரியாது.

பிறகுதான் மிசின்காரன் வாயைத் திறக்கிறான். "அண்ணை, ஏத்தியிருக்கிற நெல் என்ன பாரமெண்டு நீங்கள் சொல்லுறதைத்தான் நான் மிசினில வைக்கிறன். அதுக்குத் தக்கபடி உருளை பிடிச்சு இழுக்கும். குறைச்சுச் சொன்னா சில்லு சும்மா விசுக்கெண்டு சுத்தும், முள்ளு ஏறாது." அப்புத்துரை பத்துத் தொன் எண்டிருக்கிறான். தன்ர கலியாணத்துக்கு வந்த சனத்தையே ரெண்டு மடங்காச் சொல்லுறவன்.

நானோ… நாலு தொன் எண்டன்.

என்ன சிரிக்கிறியள்? லொறிக்காரனிட்ட பாரம் கேட்டா வேற என்ன சொல்லுவான்? நாலுக்கு மேல ஏத்தினாத் தண்டமெல்லோ. எழுபத்தெட்டாம் ஆண்டு இதை வாங்கினதில இருந்து பொலிசுக்கு நாலு தொன். முறிகண்டியில தேங்காய் உடைக்கேக்க பிள்ளையாருக்கும் நாலு தொன். வாய் அதுவாச் சொல்லிப்போட்டுது. உள்ளது எட்டு. மிசின்காரன் இண்டைக்கு இன்னொருக்கா ஏத்திப் பாப்பமெண்டவன், இதுதான் கடைசியாம். எட்டெண்டு சொன்னா அறுபது தாண்டும், நிச்சயம். வழி முழுக்க எட்டு, எட்டெண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டுதான் வாறன்.

உந்தா, புளியங்குளம் வந்திட்டுது. சந்தியில பொலிஸ். கையைக் காட்டுறார், பொறுங்கோ.

வணக்கம், சாஜன் ஐயா… நெல்தான்… நாலு தொன்… சத்தியமா நாலுதான். மூட்டைதான் பெருசாத் தெரியுது, உள்ளுக்கை அரைவாசி சப்பி, வெறும் பதர்… ஓம், வவுனியாவுக்கு. லொறியை அந்த உருளை மிசினில ஏத்தப் போறன்… நீங்களும் பாக்க வாறியளோ?… சீச்சீ, எனக்கென்ன கஷ்டம்… ஓம் ஐயா, அங்கயும் நாலுதானே சொல்லுவன்… வேற என்னத்தைச் சொல்லுறது…

மாஸ்டர், கொஞ்சம் அரக்கி இருங்கோ, ஐயாவும் எங்களோட வாறாராம்.

மாஸ்டர்? அட, கதவு திறந்து கிடக்குது, ஆளைக் காணேல்லை.

…சரி, ஏறுங்கோ ஐயா. இப்ப நாலும் இராது.