டம்மி மெட்டு

– மூணே மூணு சுரம்! கூட்டிப் பெருக்கினாலும் நாலு தேறாது. அதை முந்நூறு பேர் முன்னாடி பாடிட்டு வந்து நிக்கிறியேக்கா, வெக்கமா இல்ல?

– கத்தாதடா தம்பி. தையல்காரர் என் இடுப்புல ஊசி வச்சிருக்காரு. பதறிப்போய் குத்திடப் போறாரு.

– நான் பாட்டுக்குத் தைக்கிறேன்மா. மியூசிக் மாஸ்டர் திட்டட்டும்.

– கவிஞருக்கு அளவு தெரியணுமேன்னு போட்ட டம்மி அது! பல்லு தேய்க்கும்போது வந்தது. ‘சாவி எங்கே வச்சேன், சாவி எங்கே வச்சேன்’னு வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடிக் கொடுத்தேன். அவரு வரி எழுதினதும் தூக்கிப் போட வேண்டியது. அந்த வரியை நேத்து நாடகத்தோட முதல் ஷோவுல அதே டம்மியில பாடித் தொலைச்சிருக்க!

– வேணும்னேவா பாடினேன்? வாய் தானா அங்க போயிடுச்சு. உன் பெரிய மெட்டை மூணு வாரமா மனப்பாடம் பண்றேன். ஏறு, இறங்கு, திரும்பு, உருளு. ஓடிப்போன மக வாசல்ல வந்து நிக்கிறா, ஆத்தாக்காரி கதவைத் திறக்கிறா. அந்த நேரத்துல எவடா சர்க்கஸ் காட்டுவா?

– சர்க்கஸா? பதினோரு நாள் உக்காந்து செதுக்கினது அக்கா அது!

– தெரியுதே. உளிச் சத்தம் இன்னும் கேக்குது.

– நக்கலு! சரி, நேத்து பாட்டு முடிஞ்சப்ப ஒருத்தராவது கை தட்டினாங்களா? சொல்லு பாப்போம்.

– தட்டலை மாஸ்டர். மூக்கைச் சிந்திட்டு இருந்தாங்க.

– உங்களை யாருய்யா கேட்டா?

– நமக்கென்ன தெரியும் மாஸ்டர். ஆனா இடைவேளையில கக்கூஸ் வரிசைல அத்தனை பேரும் அதைத்தான் முனகிட்டு நின்னாங்க.

– கக்கூஸ் வரிசை! என் சங்கீதம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாத்தியாக்கா?

– உன் மத்த பதினாலு பாட்டும் அது வரைக்கும்கூடப் போகலையேடா.

– ஐயோ, உன்கிட்ட பேசுறதுக்குச் சுவத்துல முட்டிக்கலாம். இங்க பாரு, இன்னிக்கு அப்பா வர்றாரு. ‘நாடகத்துல ஆர்மோனியப் பொட்டி தட்டப் போறியா’ன்னு கேட்டுட்டு ஒன்பது வருஷமா என் மூஞ்சியில முழிக்காத மனுஷன். கச்சேரி பண்ணிப் பழுத்தவரு. முன் வரிசைல அவரை உக்கார வச்சுட்டு நீ அந்த டம்மியைப் பாடினா, செருப்பைக் கழட்டுவாரு. அவரு வாயால ஒரு ‘பரவாயில்ல’ வந்தாப் போதும்க்கா எனக்கு. பெரிய மெட்டையே பாடு. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்.

– விழாதடா, கீழெல்லாம் ஊசி.

– விளையாடாத. ஊரெல்லாம் போஸ்டர்ல என் பேரு. பாத்திருப்பாரு, மனசு மாறியிருக்கும். இல்லேன்னா ஏன் வர்றாரு?

– உன் போஸ்டரைத்தான் விரிச்சுப் போட்டு அவரு செருப்புக்கு பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தாரு.

– அப்புறம் எதுக்குக்கா வர்றாரு?

– காலைல பாத்திரம் கழுவிக்கிட்டே அந்த டம்மியை முனகிட்டு இருந்தேன்டா. பேப்பரை மடக்கி வச்சுட்டு வந்து நின்னாரு. ‘இன்னொரு தடவை பாடு’ன்னாரு. பாடினேன். ‘யாரு போட்டது’ன்னாரு. உன் பேரைச் சொன்னேன். அப்புறம் குழாயை அவரே மூடிட்டுச் சொன்னாரு: ‘அந்தக் கழுதைக்கு இப்படிக்கூட வருமா? எனக்கு ஒரு டிக்கெட் எடு.’