கயிற்றில் துணி இல்லை

என் பெயரையும் கதவு எண்ணையும் வாக்குமூலத்தின் மேலே எழுதிக்கொண்டார்கள். வயது அறுபத்தேழு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று முதலில் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார்கள். நான் மேற்படி விலாசத்தில் மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேத்தி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். மருமகன் சரக்கு லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர்தான். பேத்தியை வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவோம். பள்ளி விட்டு வந்தது முதல் தாய் வீடு திரும்பும் வரை அவள் என் பொறுப்பு. அதை நான் என்றும் மறுத்ததில்லை, இப்போதும் மறுக்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் முன்கட்டடம், பின்கட்டடம் என்று இரண்டு உண்டு. இரண்டையும் சுற்றி சிமெண்டுப் பாதை போகிறது. வெளி ரோட்டில் லாரிகள் ஓடுவதால் பிள்ளைகள் சாயங்காலம் விளக்குப் போடும் வரை இந்தப் பாதையில்தான் சைக்கிள் ஓட்ட வேண்டும், அந்த நேரத்தில் கார் ஓட்டக்கூடாது என்று சங்கமே முடிவு செய்து பலகை வைத்திருக்கிறது. சங்கத்தின் செயலாளர் பெரிய கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தன் காரை அதே பாதையில், அதே சாயங்காலத்தில்தான் தினமும் கழுவச் சொல்வார். பிள்ளைகள் கிட்டே வந்து கார் மேல் தூசி கிளப்பக்கூடாது என்று விளக்குக் கம்பத்துக்கும் மோட்டார் அறை ஜன்னல் கம்பிக்கும் நடுவே நைலான் கயிறு கட்டச் சொன்னார். சாம்பல் நிறக் கயிறு, சிமெண்டும் அதே நிறம். கண்ணுக்கே தெரியவில்லை, பிள்ளைகள் கழுத்தில் மாட்டும் என்று நான் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அதற்குச் செயலாளர், "கண்ணு தெரியலேன்னா டாக்டரப் போய்ப் பாருங்க பாட்டிம்மா, சங்கம் என்ன பண்ணும்?" என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய் என் பழைய சிவப்பு உள்பாவாடையைக் கிழித்து, நூல் பிரியாமல் நாலு பக்கமும் கையால் மடித்துத் தைத்து, கொண்டுவந்து கயிற்றின் நடுவில் நானே கட்டினேன். இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்த காவலர் சிரித்தார். சிரிக்க இதில் ஒன்றுமில்லை என்று சொன்னேன், அதையும் எழுதச் சொன்னேன். அன்று முதல் கயிறு கட்டினால் துணியும் கட்ட வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. செயலாளரின் டிரைவர் அதை மறந்ததே இல்லை. சிவப்பைப் பார்த்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது குடியிருப்பின் கடைசிக் குழந்தை வரைக்கும் தெரியும்.

சம்பவம் நடந்தது போன புதன்கிழமை. அன்று வழக்கம்போல் பேத்தியின் சைக்கிளில் இரண்டு பிரேக்கையும் நான் அழுத்திப் பார்த்தேன், இரண்டும் பிடித்தன. ஹெல்மெட்டின் வாரை நானே மாட்டினேன். எதிர்வீட்டுக்காரி வழக்கம்போல், பேத்தியை நிலாவுக்கா அனுப்புகிறேன் என்று கேட்டாள். நான் வாரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். அதன் பிறகு பின்கட்டடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேத்தியின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் சுற்றி வந்து என்னைத் தாண்டும்போதெல்லாம் மணி அடிப்பாள், நான் தலையை ஆட்டுவேன். கயிறு கட்டும் இடம் முன்பக்கம், பெஞ்சிலிருந்து அது தெரியாது. முதலில் சுற்றியபோதெல்லாம் கயிறு இல்லை என்று பேத்தி சொல்கிறாள். இடையில்தான் கட்டியிருக்கிறார்கள். கடைசியாக மணி அடித்துவிட்டுப் போனவள் முன்பக்கம் திரும்பியதும் சைக்கிள் சிமெண்டில் மோதிய சத்தம் கேட்டது. அவள் குரல் கேட்கவில்லை.

நான் ஓடினேன். போய்ப் பார்த்தபோது கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றில் துணி இல்லை. இதைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னேன், வாக்குமூலத்தில் எல்லாம் ஒரே அளவில்தான் எழுத வேண்டும் என்றார்கள். சரி, ஒரே அளவிலேயே இன்னொரு முறை எழுதுங்கள் என்றேன். கயிற்றில் துணி இல்லை. பேத்தி மல்லாந்து கிடந்தாள். தாடை பிளந்திருந்தது. இடது முழங்கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஹெல்மெட்டின் பின்பக்கம் முட்டை ஓடு போல விரிசல் விட்டிருந்தது. அவள் அழவில்லை, சைக்கிளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

ரத்தத்தை அழுத்திப் பிடிக்கத் துணி கொடுங்கள் என்று கேட்டேன். கார் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் கையிலிருந்த துணியை நீட்டினார். வாங்கித் தாடையில் அழுத்தும்போது என் தையல் என் விரலில் பட்டது. என் பாவாடைத் துணிதான் அது, சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தது. டிரைவர் பக்கத்தில் மண்டி போட்டு, "தொடைக்கிற துணி அழுக்காயிடுச்சும்மா, ஐயா இதத்தான் அவுத்துத் தொடைக்கச் சொன்னாரு. ரெண்டு நிமிஷத்துல திருப்பிக் கட்டிடலாம்னு பாத்தேன்" என்றார். செயலாளர் நாலடி தள்ளித்தான் நின்றார், அவர் காதிலும் விழுந்தது. அதன் பிறகு நான் குழந்தையை உங்கள் காரில் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அதற்கு அவர், "இப்பத்தான் சீட்டெல்லாம் தொடச்சிருக்கு. வாடகை வண்டி சொல்றேன், வந்துடும்" என்றார். வண்டி வரும் வரை குழந்தை சிமெண்டிலேயே கிடந்தாள், கார் பக்கத்தில் பளபளவென்று நின்றது.

மருத்துவமனையில் சோப்புத் துணியைக் காயத்தில் வைத்தது யார் என்று நர்ஸ் என்னைத் திட்டினார். நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். நர்ஸை விசாரித்தால் அந்தத் துணி எப்படி இருந்தது என்று அவரே சொல்வார். முழங்கைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். கை முழுதாக நீளுமா என்பது இப்போது சொல்ல முடியாதாம். ஹெல்மெட் இல்லாவிட்டால் நாம் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் காலை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பேத்தியின் சட்டையையும் அந்தச் சிவப்புத் துணியையும் ஊறவைக்க வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கீழே பேச்சு கேட்டது. எட்டிப் பார்த்தேன். செயலாளர் ஒரு போலீஸ்காரருக்குக் கயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி தொங்கியது. நான் குழாயை மூடினேன். பிறகு கீழே இறங்கிப் போய்க் கிட்டே நின்று பார்த்தேன். கடை மடிப்புக் கலையாத புதுத் துணி, ஓரம் தைக்கவே இல்லை. இது நேற்று இல்லை என்று சொன்னேன். போலீஸ்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டு, "சைக்கிள்ல விழறதுக்கெல்லாம் கேஸ் போட்டா ஸ்டேஷன்ல எடம் பத்தாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். டிரைவரைப் பார்த்தேன். அவர் குனிந்து கார்ச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் போன் செய்தேன், துணியைத் தண்ணீரில் போடாதே, காகிதப் பையில் வை என்றாள். அப்படியே வைத்தேன்.

அன்று சாயங்காலம் செயலாளர் ஒரு பை பழத்தோடு மருத்துவமனைக்கு வந்தார். பேத்தி விழித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே, "இவ்ளோ பெரிய செவப்புத் துணி தொங்குது, புள்ள வேகத்துல பாக்கல. நீங்களும் பின்னாடி உக்காந்துட்டீங்க. யாரச் சொல்லி என்ன, விதி" என்றார். "விதிக்குக் கயிறு கட்டத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் பழப்பையை வைத்துவிட்டுப் போனார். பையை வராந்தாவில் வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகுதான் பேத்தி கேட்டாள், "துணி இருந்துச்சா பாட்டி? எனக்கு மட்டும் தெரியலியா?" இல்லவே இல்லை என்றேன். பெரியவர்கள் சமாதானத்துக்குச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும், நம்பவில்லை. அன்றிலிருந்து ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்க்கிறாள். நான் பார்ப்பது தெரிந்தால் கையை எடுத்துவிடுகிறாள்.

அதன் பிறகு மகள் இலவச சட்ட உதவி மையத்துக்கு என்னை அழைத்துப் போனாள். அங்கிருந்த வக்கீலம்மா, சைக்கிளில் போனவர் குழந்தை என்பதாலேயே அது குழந்தையின் தப்பாகிவிடாது, ஓட்டச் சொன்ன பாதையில் அடையாளமில்லாமல் கயிறு கட்டியது யாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். பார்த்ததை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள், கோபத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார். முடிந்த மட்டும் வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு பிள்ளையைத் தன் கண்ணையே நம்பவிடாமல் செய்ததற்கு எந்தப் பிரிவில் கேஸ் போடலாம் என்று அவரைக் கேட்டேன்.

டிரைவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அவரைப் பலிகடா ஆக்கினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவிழ்த்தது அவர் கை, அவிழ்க்கச் சொன்னது செயலாளரின் வாய். புதுத் துணியை யார் கட்டினார்கள் என்பதை நான் பார்க்கவில்லை, ஆகையால் சொல்லவில்லை.

ரத்தக்கறையும் கார் சோப்பு வாடையும் உள்ள துணியை இத்துடன் ஒப்படைக்கிறேன். ஓரத்தில் உள்ளது என் தையல். வேண்டுமானால் இப்போதே ஊசி நூல் கொடுங்கள், அதே தையலைப் போட்டுக் காட்டுகிறேன்.

இதில் உள்ளது அனைத்தும் நான் கண்டதும் கேட்டதும்தான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. படித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்று நானே எழுத்துக்கூட்டி முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். "கயிற்றில் துணி சரியாகத் தெரியவில்லை" என்று ஓரிடத்தில் எழுதியிருந்ததை "இல்லை" என்று திருத்த வைத்த பிறகே கைநாட்டு மையைத் தள்ளிவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். இதன் நகல் ஒன்று இன்றைக்கே வேண்டும். நான் சொன்னால் பேத்தி சமாதானம் என்கிறாள், முத்திரை போட்ட காகிதத்தில் இருந்தால் நம்புவாள். வாண்டு தன் கண்ணால் படிக்க வேண்டும்.

(ஒப்பம்)