கேமரா இருந்த இடத்தில்

கறுப்பு வண்ணத்தில் நல்லது, மட்டமானது என்று இரண்டு உண்டு. மட்டமானது பார்வைக்குக் கறுப்பாகத்தான் இருக்கும். சாய்வாக வெளிச்சம் பட்டால் பல்லை இளித்துவிடும்.

எங்கள் பட்டறையில் செய்வது நிறமாலைமானி. நட்சத்திர வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் படமெடுக்கும் பெட்டி. உள்ளே ஒரு திருகின் தலை மின்னினால்கூட அந்த வெளிச்சம் சுற்றித் திரிந்து கேமராவில் போய் விழும். வானத்தில் இல்லாத கோடு படத்தில் இருக்கும். அதை நாங்கள் பேய் என்போம். பேயைப் பிடிக்க, கேமராவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒருவர் கண்ணை வைத்து உள்ளே பார்ப்பார். எதிர்முனையில் இன்னொருவர் மங்கலான விளக்கைக் காட்டுவார். எது மின்னுகிறதோ அதற்குக் கறுப்படிக்க வேண்டும்.

கண் வைப்பவர் மாமா, என் அக்காவின் கணவர். விளக்குப் பிடிப்பதும் கறுப்படிப்பதும் நான். செங்கல் சூளையிலிருந்து என்னைக் கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்தவரும் அவர்தான்.

போன பெட்டியில் லென்ஸைப் பிடிக்கும் வளையத்தின் விளிம்பு மின்னியது. மாமாவே பார்த்துச் சொன்னார்; கறுப்படித்துவிடலாம் என்றேன். "விடு மாப்ள, நாளைக்கு அனுப்பியாகணும். நட்சத்திரம் என்ன, நம்ம வளையத்தையா பாக்கப் போகுது?" என்று சிரித்தார். மூடினோம். ஆராய்ச்சிக்காரர்கள் அந்த வளையத்தின் பேயை, நட்சத்திரத்தில் கண்ட புது வாயு என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு ஊர் சிரிக்க மறுப்புச் சொன்னார்கள்.

மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "பூசுறது அவன் வேலைங்க. எல்லாம் சரியா இருக்குன்னுதான் எங்கிட்ட சொன்னான்."

மாத முடிவோடு என்னை நிற்கச் சொன்னார்கள். அக்கா துணி மடித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா எப்படிடா? நீ ஒண்டிக்கட்டை, சமாளிச்சுப்ப" என்றாள். உண்மை அவளுக்கும் தெரிந்திருந்தது. நான் சண்டை போடவில்லை.

கடைசி வாரம் அந்தப் பெட்டி திரும்பி வந்தது. வளையத்துக்கு நானே கறுப்படித்தேன், நல்ல கறுப்பு. பிறகு விளக்கை எடுத்துவிட்டு, லென்ஸ்களை நேர்ப்படுத்த வைத்திருக்கும் லேசரை மாட்டினேன். அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் மூடாது.

"என்ன தெரியுது மாமா?"

"ஒண்ணும் தெரியலடா. கும்மிருட்டு. விளக்கப் போட்டியா?"

"போட்டாச்சு. நல்லா பாருங்க. அவசரப்பட்டுத்தானே போன தடவ மாட்டினோம்."

"அதுவும் சரிதான். பேய ஓட்டிட்ட போ."

"இப்ப அந்தக் கண்ணால."

மறு கண்ணையும் வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. என்னை அவ்வளவு நம்பினார்.

அறை விளக்கைப் போட்டதும் என் பக்கம் திரும்பினார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "மாப்ள, உன் சட்ட தெரியுது. மூஞ்சியக் காணோம்" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஐயா, கை தவறிவிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. அந்த ஒளி கண்ணில் எங்கே விழும் என்று முன்னமே பார்த்துத்தான் வைத்தேன். பார்வையில் ஓரம் மிச்சமிருக்கிறது, நடுவில்தான் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னாராம்.

அக்கா வெளியே நிற்பதாகச் சொன்னீர்கள். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்டனை முடிந்து நான் வந்ததும் மாமாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது என் பொறுப்பு. கூட இருப்பவரை நட்டாற்றில் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.