ஏழு விநாடி

– வேற ஏதாவது பழைய பதிவைப் போடலாம், ராய்ஸ். இது உங்க கடைசி நிகழ்ச்சி. கவர்னர் உங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சது இருக்கு. அந்தப் பன்னிப் பண்ணைக்காரர் உங்களையே சிரிக்க வெச்சது இருக்கு.

– கவர்னர் பேசினதை அவன் பொண்டாட்டியே கேக்க மாட்டா. என் ஜனங்க கேக்கறது டென்னிஸ்ங்கிறவன் போன்ல பேசினதைத்தான். முப்பத்தொரு வருஷமா இந்த ரேடியோ மைக் முன்னாடி கத்தறேன், வெர்னா. மிசௌரி மாநிலம் பூரா லாரிக்குப் பின்னாடி என்ன ஒட்டி வெச்சிருக்கான்?

– "உன் அப்பன்கிட்ட போய்க் கேளு."

– அதான். சட்டையில அச்சடிச்சு வித்தோம். என் கல்லறையிலயும் அதையே வெட்டச் சொல்லியாச்சு. விளம்பரம் இன்னும் எவ்வளவு நேரம்?

– நாலு நிமிஷம். மெத்தைக் கடை, அப்புறம் தங்கக் காசு.

– தாராளம். அந்த ஆப்பிள் கேக் தட்டை இப்படி நகர்த்து.

– இருபத்தாறு வருஷமா யார் போனை உங்களுக்கு அனுப்பணும், யாரை வெளியிலயே நிறுத்தணும்னு நான்தான் பாக்கறேன். எனக்குன்னு ஏதாவது கேட்டிருக்கேனா?

– ஒரு கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டே.

– டென்னிஸ் வேண்டாம். எனக்காக.

– அட, அந்தப் போதை மாத்திரைப் பைத்தியம் மேல இன்னும் பாவம் பாக்கறியா? மறுவாழ்வு இல்லத்தை மூடாதீங்கன்னு அழுதான். ஊரான் வரிப்பணத்துல அய்யாவுக்குக் கட்டில் வேணுமாம். மூடினா நான் எங்க போவேன்னான். அப்பன்கிட்ட போய்க் கேளுன்னேன். அடுத்த நொடி, போனைத் துண்டிக்கும்போது நாம போடற கக்கூஸ்ல தண்ணி ஊத்தற சத்தம். என்ன நேரம் பாத்து விழுந்துச்சு அது! அடுத்த மாசமே அந்த இல்லத்துக்குப் பூட்டு. நான் போனப்புறம் என் பேரைச் சொல்லப் போறது அந்தப் பூட்டுதான்.

– அவன் பேரு டென்னிஸ் இல்ல.

– இருக்காது. இங்க கூப்பிடறவன்ல பாதிப் பேருக்குப் பொய்ப் பேருதான்.

– உங்க முன்னாடி இருக்கிற திரையில அந்தப் பேரை அடிச்சது நான். அது கர்ட்டிஸ்.

– ம்.

– உங்க மகன், ராய்ஸ். அவன் கூப்பிட்டா வீட்டுல யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தீங்க. அதனால இங்க கூப்பிட்டான். இருமல் தாங்கல. "பேரைச் சொன்னா அப்பா எடுக்க மாட்டாரு வெர்னா, லைன்ல வந்ததும் நானே சொல்லிடறேன்"னான். உங்ககிட்ட விட்டுட்டு அடுத்த போனை எடுக்கப் போயிட்டேன். திரும்பி வந்து ஹெட்போனைக் காதுல மாட்டினா தண்ணிச் சத்தம். பாவி, சொல்றதுக்குள்ள லைன் போயிடுச்சேன்னு நெனச்சேன். பதினெட்டாம் நாள் மோட்டல் ரூம்ல செத்துக் கிடந்தான்.

– காபி ஆறிப் போச்சு.

– அடக்கத்தன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். தெரியாமப் பண்ணின மனுஷனை இதையும் சொல்லிக் கொல்லணுமான்னு வாயை மூடிக்கிட்டேன். பதினோரு வருஷம். நீங்க அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வரும்போதெல்லாம் நான் வேற பக்கம் பாத்துக்குவேன். இப்பச் சொல்லிட்டேன். இனிமே அதைப் போடச் சொல்ல மாட்டீங்கல்ல?

– நாம பேசறது வெளிய எவ்வளவு தாமதமாப் போகுது?

– ஏழு விநாடி. எவனாவது அசிங்கமாப் பேசினா வெட்டறதுக்கு. இப்ப எதுக்கு அது?

– டென்னிஸ் பேசின அன்னைக்கு ஏழு விநாடி காணாமப் போச்சே, யாராவது கேட்டீங்களா?

– மெஷின் கோளாறுன்னு எழுதி வெச்சாங்க.

– மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல. வெட்டற பொத்தான் இதோ, என் கைக்குக் கீழே. அன்னைக்கும் இங்கதான் இருந்துச்சு.

– ராய்ஸ், விளம்பரம் முடியப் போகுது. என்ன சொல்றீங்க?

– அப்பன்கிட்ட போய்க் கேளுன்னு நான் சொன்னதும் இருமினான். இருமி முடிச்சுட்டு, "அப்பாகிட்டதானே கேட்டுட்டிருக்கேன்"னான். அதைத்தான் வெட்டினேன். சிரிப்பு அதனாலதான் அவ்வளவு கச்சிதமா விழுந்துச்சு. ம், போடு.