தலையாட்டாதீங்க சார்

...அதைத்தான் சார் நானும் கேக்கறேன். முன்னாடி துளை போட்ட ஹெல்மெட்டும் கிடைக்குது, துளை இல்லாததும் கிடைக்குது. உங்க தேடுதல் குழு ஆபீஸ்ல எதை வாங்குவாங்க? துளை இல்லாததைத்தான். வாங்கி எங்கிட்ட அனுப்பிடுவாங்க, இருட்டுல பாக்குற நைட் விஷன் கருவியை மாட்டுறதுக்கு ஒரு மவுண்ட் வச்சுக் குடுங்கன்னு. எதுல வைக்கறது, என் நெத்தியிலயா? நீங்களே சொல்லுங்க... ஐயையோ, சொல்லாதீங்க சார், சொல்லாதீங்க! தாடை அசைஞ்சா பட்டை அசையும், பட்டை அசைஞ்சா ஹெல்மெட் அசையும், நான் போட்ட கோடு போச்சு. நடுக்கோடு போட்டு முடிக்கிற வரைக்கும் நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கணும். தலையாட்டக் கூடாது. சரின்னு கூட தலையாட்டக் கூடாது... பாத்தீங்களா, இப்ப ஆட்டினீங்க. பரவாயில்ல, அழிச்சிட்டு முதல்லேருந்து போடறேன். பென்சில்தானே.

மத்த கடையில எல்லாம் ஹெல்மெட்டை மேசை மேல கவுத்து வச்சு அளந்து, துளை போட்டு அனுப்பிடுவாங்க. பத்து நிமிஷ வேலை. நான் அப்படி இல்ல சார். ஆளு தலையில மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டி, அப்புறம்தான் பென்சிலையே கையில எடுப்பேன். ஏன்னா ஹெல்மெட்டுக்கு நடு ஒண்ணு, மூஞ்சிக்கு நடு ஒண்ணு. ஒருத்தருக்கு மூக்கு ஒரு பக்கமா இருக்கும், ஒருத்தருக்கு ஒரு காது மேல ஏறி இருக்கும். உங்களுக்குக் கூட இடது காது லேசா... சரி விடுங்க, அது உங்க வீட்டுக்காரங்க பாத்துக்குவாங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, இது என் சொந்த முறை. நானே கண்டுபிடிச்சது. யாரும் சொல்லிக் குடுக்கல.

நிமிந்து, எதிர்ல அந்த காலண்டரைப் பாருங்க. ஆங், அப்படியே.

பட்டையால கட்டுற மவுண்ட் இருக்கே, அதை வச்சா துளையே வேணாமேன்னு உங்க அதிகாரி போன்ல கேட்டாரு. வைக்கலாம் சார், தாராளமா வைக்கலாம். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அரைவிரல் கீழ எறங்கும். நூறு அடி போறதுக்குள்ள கண்ணுக்கு முன்னாடி இருக்க வேண்டிய கருவி வாய்க்கு முன்னாடி இருக்கும். வாயால எதைப் பாப்பீங்க? அதான், முன்னாடி ஒரு தட்டு, மூணு ஸ்க்ரூ, அதுல மடக்குற கை, கையில கருவி. வேணும்னா எறக்கிக்கலாம், வேணாம்னா நெத்திக்கு மேல தூக்கிக்கலாம். இதுதான் சரி.

அதுலயும் ஒரு கூத்து இருக்கு. கருவி கையில போய் உக்கார்ற இடம் ரெண்டு விதம். ஒண்ணு பள்ளத்துல பக்கவாட்டா தள்ளுறது. இன்னொண்ணு கொம்பு மாதிரி நீட்டிட்டு இருக்கும், நேரா குத்தி மாட்டுறது. இதுல அது போகாது, அதுல இது போகாது. உங்க ஆபீஸ்ல கருவியை ஒருத்தர் வாங்கினாரு, மவுண்டை இன்னொருத்தர் வாங்கினாரு. ரெண்டு பேரும் அடுத்தடுத்த மேசை சார்! கருவியில கொம்பு, மவுண்ட்ல பள்ளம். எட்டு பெட்டியையும் பிரிச்சுப் பாத்துட்டு எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல. திருப்பி அனுப்பி, மாத்தி வாங்கி... அந்தக் கதை வேணாம், கழுத்தறுப்பு.

எந்தக் கண்ணுக்கு வைக்கலாம்? பதில் சொல்லாதீங்க, கையைக் காட்டுங்க. கையைக் காட்டினா தலை அசையாது... அசைஞ்சிடுச்சு. இருங்க. ம்... இடது. இடதுன்னா உங்க இடதா, எதிர்ல நிக்கிற என் இடதா? உங்க இடது. சரி.

பின்னால சத்தம் கேக்குதே, தையல் மெஷின். அது என் சம்சாரம். ஹெல்மெட்டுக்குப் பின்பக்கம் ஒரு பை தைக்கறாங்க. முன்னாடி கருவி தொங்குதுல்ல, அதுக்கு சரிசமமா பின்னாடி எடை வைக்கணும், இல்லன்னா ஹெல்மெட் மூக்கு மேல வந்து படுத்துக்கும். அந்தப் பையை அவங்க மாதிரி தைக்க ஆள் கிடையாது. தையல் பிரிஞ்சு வந்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல. நான் புகழ்றேன்னு நெனைக்காதீங்க, உண்மை. காதுல விழட்டும்னு சத்தமா சொல்றேன், அவ்வளவுதான்.

ஏன்னா எங்கிட்ட பேசுறதில்ல சார். பதினெட்டு நாளாச்சு.

சிரிக்காதீங்க, ஹெல்மெட் குலுங்குது. பதினெட்டு நாளா ஒரு வார்த்தை கிடையாது. ஏதாவது வேணும்னா அட்டையில எழுதி என் மேசையில வச்சிடுவா. 'நூல் தீந்துடுச்சு.' 'வாடிக்கையாளர் வந்திருக்கார்.' நேத்து ஒரு அட்டை, 'வாயை மூடவும்'னு. அதுக்குக் கீழ கோடு வேற போட்டிருந்தா. என் பென்சிலை வச்சே! சண்டை போட்டா பரவாயில்ல சார், எதிர்த்துப் பேசலாம். அட்டைகிட்ட என்னத்தைப் பேசறது? என்னை மாதிரி ஆளைப் பேசாமலே கொல்றதுன்னா இதுதான்.

எதுக்குன்னு கேக்கறீங்களா? கேக்காதீங்க, நானே சொல்றேன். எல்லாம் அவ தம்பியால. என் மச்சான். நீங்க இப்ப சேந்திருக்கீங்களே, அது அவன் இருந்த இடம்தான். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நீங்க என்ன பண்ணுவீங்க, கூப்பிட்டாங்க, வந்தீங்க. ஆறு வருஷம் அந்தக் குழுவுல இருந்தான் சார். காட்டுல வழி தவறினவங்க, மலையில மாட்டிக்கிட்டவங்க, எத்தனை பேரைத் தூக்கிட்டு வந்திருக்கான். இப்ப எங்க இருக்கான் தெரியுமா? ஆபீஸ்ல போன் எடுக்கறான். "யாரைக் காணோம், கடைசியா எங்க பாத்தீங்க"ன்னு கேட்டு எழுதிக்கிறது, அவ்வளவுதான் வேலை. தேடிப் போறது மத்தவங்க.

எல்லாம் அந்தப் பரீட்சையால வந்தது. புதுசா நைட் விஷன் வந்ததும், எல்லாரும் அதை மாட்டி நடந்து காட்டணும்னு வச்சாங்க. பழைய கிடங்கு ஒண்ணுல ஜன்னலை எல்லாம் அடைச்சு, கும்மிருட்டாக்கி, உள்ள ஒரு பொம்மையைக் கெடத்தியிருந்தாங்க. அதைக் கண்டுபிடிச்சு விசில் ஊதணும். ஏழு பேர் நேராப் போனாங்க, ஊதினாங்க, வந்தாங்க. என் மச்சான் என்ன பண்ணினான்? தலையை ஒரு பக்கம் சாச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டா நடந்து போயி, சுவரோரம் நாற்காலியில மார்க் போட உக்காந்திருந்த அதிகாரியைக் கட்டிப் பிடிச்சு, "பயப்படாதீங்க, வந்துட்டோம்"னு சொல்லி விசில் ஊதிட்டான்.

சிரிங்க, சிரிங்க, இதுக்கு சிரிக்கலன்னா எப்படி. கோடு அப்புறம் போட்டுக்கலாம். நானும் சிரிச்சேன். அன்னைக்கு ராத்திரி வீட்டுல குடும்பம் மொத்தமும் உக்காந்திருக்கு, மாமனார், மாமியார், இவ, எல்லாரும். அவன் குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருக்கான். நான் மட்டும் சிரிச்சேன். சிரிச்சிட்டு ஒண்ணு சொன்னேன் சார். "மவுண்ட்ல ஒரு கோளாறும் இல்ல, இவன் கழுத்தே பொறந்ததுலேருந்து கோணல்"னு. அன்னைக்குத்தான் இவ கடைசியா எங்கிட்ட பேசினது. "அப்படியா?"ன்னு கேட்டா. அதோட சரி.

ஆனா கோணல்தான் சார். சின்ன வயசுல ரெண்டு தலையணை வச்சுப் படுத்தவன். கழுத்து நேராவா இருக்கும்? அதுவும் இல்லன்னா அந்த மவுண்ட் செஞ்சவன் மேல தப்பா இருக்கும். இல்லன்னா அந்த ஸ்க்ரூ. இல்லன்னா பரீட்சை வச்சவங்க மேல, இருட்டுல எதுக்கு அதிகாரி நாற்காலி போட்டு உக்காரணும்? கிடங்குல ஒரு மூலையில உக்காந்திருந்தா தொலைஞ்ச ஆளுன்னுதானே நெனைப்பான்?

ம், நிமிருங்க. காலண்டர். அதோ. இந்தப் பக்கம் ரெண்டு விரல், அந்தப் பக்கம் ரெண்டு விரல்... அடடா, கோடு எப்படி வந்திருக்கு பாருங்க! நூல் புடிச்ச மாதிரி. நீங்க பாக்க முடியாது, உங்க நெத்தியில இருக்கு, நான் சொல்றேன் நம்புங்க. இதான் சார் விஷயம். நீங்க வெளி ஆளு. பேசாதீங்கன்னா பேசாம இருக்கீங்க. அவன் அப்படியா? குடும்பத்து ஆளு, மரியாதை தெரிஞ்ச பையன். இதே நாற்காலியில உக்காந்திருந்தான். மாமா கேக்கறாரேன்னு எல்லாத்துக்கும் பதில் சொல்லுவான். மழை வருமாடா, ஆமா மாமா. உங்க அக்கா சமையல் எப்படி, நல்லாயிருக்கு மாமா. அந்த அதிகாரி ஒரு மாதிரியாமே, ஆமா மாமா. ஒவ்வொரு ஆமாவுக்கும் ஒரு தலையாட்டு. நான் கேக்கக் கேக்க அவன் ஆட்ட ஆட்ட, பென்சில்...

...

மெஷின் நின்னுடுச்சு.

இல்ல, ஒண்ணுமில்ல சார். நூல் அறுந்திருக்கும். அவ்வளவுதான். நூல் அடிக்கடி அறுந்துடும்.

பென்சில் லேசா போச்சு. கொஞ்சம். அரை விரல்... ஒரு விரல் இருக்கும். திரும்பிப் பாக்காதீங்க சார், அவ நம்மளைத்தான் பாத்துக்கிட்டிருக்கா. "மாமா, கொஞ்சம் சாஞ்சிருக்கற மாதிரி இருக்கே"ன்னு அவன் கண்ணாடியில பாத்துட்டு சொன்னான். சொன்னான் சார். நான் என்ன சொன்னேன்? "உன் மூஞ்சிதான் சாஞ்சிருக்கு, என் துளை நேரா இருக்கு"ன்னேன். அதுக்கும் தலையாட்டினான். ட்ரில்லைப் போட்டுட்டேன். துளை போட்டப்புறம் எனக்கே தெரிஞ்சது. வேற ஹெல்மெட் எடுத்து திரும்பப் போட்டிருக்கலாம், ஒரு மணி நேர வேலை. எட்டு ஹெல்மெட் நம்மகிட்ட குடுத்திருக்காங்க, முதல் ஹெல்மெட்டே கோணல்னு தெரிஞ்சா மிச்சத்தை நம்மகிட்ட விட்டு வைப்பாங்களா, நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு வாயை மூடிட்டேன். வாழ்க்கையில நான் வாயை மூடினது அந்த ஒரு தடவைதான் சார், அதையும் தப்பான நேரத்துல மூடினேன்.

அவன் கழுத்து நேராத்தான் இருக்கு. என் வீட்டுல யார் கழுத்தும் கோணல் இல்ல.

இதுல இன்னொண்ணு இருக்கு. அந்த அதிகாரி நல்ல மனுஷன். கட்டிப் பிடிச்சதுக்கு கோவிச்சுக்கல. "மவுண்ட் பொருத்தினவர், தப்பு பொருத்தினதுல இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அவனுக்கு மறுபடியும் பரீட்சை வைக்கிறேன்"னு சொல்லியிருக்காரு. இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம். நீங்க ஒண்ணும் பயப்பட வேணாம், உங்களைக் குழுவுலேருந்து தூக்கிட மாட்டாங்க, குழுவுல இன்னும் ரெண்டு இடம் காலியாத்தான் இருக்கு. ஒரு வார்த்தை சார். பதினெட்டு நாளா இந்த வாயால எத்தனை ஆயிரம் வார்த்தை பேசியிருப்பேன். பால்காரர்கிட்ட, தபால்காரர்கிட்ட, உங்ககிட்ட. அந்த ஒண்ணு மட்டும் வரல. என் மச்சான் முன்னாடி "தப்பு என்னுது"ன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு சார். ரொம்ப வெக்கமா இருக்கு.

என்ன... என்னம்மா? எழுந்து வர்றா சார். கையில அட்டை எதுவும் இல்ல. போன் இருக்கு.

என்னது? ...கேட்டீங்களா? பேசிட்டா! "நீயே சொல்லு"ன்னு சொன்னா! ரெண்டு வார்த்தை! நான் சொல்றேம்மா, சொல்றேன், நாளைக்குக் காலையில நேர்லயே போயி... சாயங்காலத்தோட முடியுது, தெரியும், நான்தானே இப்ப சொன்னேன்... ஆபீஸ் நம்பரா? அங்க போட்டா அவன்தானே எடுப்பான்! முதல்ல ஒரு தண்ணி குடிச்சிட்டு... டயல் பண்ணிட்டியா?

ஹலோ.

...

எடுத்துட்டான் சார், போனைப் பொத்திக்கிட்டு சொல்றேன். அவன் குரல்தான். என் குரல் அவனுக்குத் தெரியல, எப்படித் தெரியும், ஹலோவுக்கு மேல நான் இன்னும் ஒண்ணும் சொல்லலயே. "தேடுதல் குழு, சொல்லுங்க"ங்கறான். எவ்வளவு அழகா பேசறான் பாருங்க, பொறுமையா, பயந்து போனவங்ககிட்ட பேசற மாதிரி.

ஹலோ... நான்... அது வந்து...

...

"பதட்டப்படாதீங்க, யாரைக் காணோம்?"னு கேக்கறான் சார்.

...

சார். இப்ப தலையை ஆட்டலாம், பட்டையைக் கழட்டலாம், என்ன வேணா பண்ணலாம். இந்தாங்க, போனைப் புடிங்க... நீங்க கொஞ்சம் பேசுங்களேன்.