எண்பதை விட்டு இறங்காத கார்

பெயர்: பதிவேட்டில் ஒன்று உண்டு, எல்லோரும் ஒட்டடை என்றே கூப்பிடுவார்கள். வயது: 46. தொழில்: பழைய கார்களின் உதிரிபாகங்களைக் கழற்றி விற்பது. முகவரி: பேருந்துப் பணிமனைக்குப் பின் தெரு, சலவைக் கடைக்கு மேல் மாடி.

நான் மேற்படி முகவரியில் என் அக்கா குடும்பத்தோடு குடியிருந்து வருகிறேன். யாரும் மிரட்டாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதைச் சொல்கிறேன்.

இன்று காலை சுமார் பத்தரை மணிக்கு, பல் மருத்துவமனைக்கு எதிரே உள்ள மருந்துக்கடை வாசலில் சாம்பல் நிறக் கார் ஒன்று எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த நிலையில் நின்றது. ஓட்டிவந்தவர் மருந்துச் சீட்டோடு கடைக்குள் போனார். வரிசையில் அவருக்கு முன் ஆறு பேர் நின்றதை எண்ணிப் பார்த்தபின் நான் ஏறிப் புறப்பட்டேன். பின் இருக்கையில் ஒரு போர்வை கிடந்தது. போர்வைக்குள் ஆள் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன்.

அதன் பிறகு புறவழிச் சாலைக்கு வந்தேன். வானொலியில் ஒருவர் முதுகுவலியைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். அவர் வாயை அடைப்பதற்காக ஸ்டீயரிங்கில் இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினேன். அவர் நிறுத்தவில்லை. ஆனால் எதிரே பச்சை விளக்கு ஒன்று எரிந்து 80 என்று காட்டியது. அதன் பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் கார் வேகம் குறையவில்லை. மறுபடி வைத்து, மறுபடி எடுத்தேன். குனிந்து என் கால் எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொண்டேன்.

பிரேக்கை மிதிக்கப் போனபோது பின்னாலிருந்து, "பிரேக்குல கால வைக்காதீங்க" என்று குரல் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். சுமார் நாற்பது வயதுப் பெண் ஒருவர், கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பல் பிடுங்கியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. "இப்ப வேகத்தக் கம்ப்யூட்டர் புடிச்சிருக்கு. நீங்க பிரேக் போட்டா ரெண்டும் மல்லுக்கட்டும். வண்டி குட்டிக்கரணம் அடிக்கும்" என்றார். நான் காலை மடக்கி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் மருந்துக்கடையில் இருந்த தன் கணவருக்குப் போன் செய்தார். வாயில் பஞ்சு இருந்ததால் அவர் பேசியது மறுமுனையில் விளங்கவில்லை. வலி மாத்திரையா, வாய் கொப்பளிக்கும் மருந்தா என்று கணவர் திரும்பத் திரும்பக் கேட்டது எனக்கே கேட்டது. இவர் போனை வைத்துவிட்டுச் செய்தியாகத் தட்டி அனுப்பினார்.

அதன் பிறகு மேடு வந்தது. நான் காலால் எதையும் தொடாதிருக்க, எஞ்சின் தானாக உறுமி ஏறியது. "தங்கச்சி, இதுல என்ன இருக்கு?" என்று கேட்டேன். தான் தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகன மின்னணுப் பிரிவு ஆசிரியை என்றும், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதை ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் என்றும், நான் அமுக்கி வைத்த எண்பதோடு கம்ப்யூட்டர் அதை ஒத்துப் பார்க்கும் என்றும், குறைந்தால் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை ஒரு சின்ன மோட்டார் கொஞ்சம் திறக்கும், கூடினால் கொஞ்சம் மூடும் என்றும் விளக்கினார். "அப்ப என் கால் செய்யற வேலைய அது செய்யுதா மேடம்?" என்றேன். "உங்க காலவிட ஒழுங்கா செய்யுது" என்றார்.

அதன் பிறகு நாற்காலி ஏற்றிய லாரி ஒன்று முன்னால் மெதுவாகப் போனது. கார் தானாகவே வேகத்தைக் குறைத்து நாற்பதில் அதன் பின்னால் போயிற்று. தப்பித்தோம் என்று நினைத்தேன். முன்புறத்தில் ராடார் இருக்கிறது, முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அது அளக்கிறது என்றார் ஆசிரியை. லாரி பக்கத்துச் சாலையில் திரும்பியதும் கார் மறுபடி எண்பதுக்கு ஏறியது. அந்த லாரிக்காரர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

"டீச்சர், இத நிறுத்துறது எப்படி?" என்று கேட்டேன். "அது அடுத்த பாடம்" என்றார்.

இவ்வாறு முப்பத்திரண்டு கிலோமீட்டர் வந்தோம். வழியில் மொத்தம் பதினோரு கேள்விகள் கேட்டேன். ஒன்றுக்கும் அவர் சலித்துக்கொள்ளவில்லை. பஞ்சை மட்டும் ஒருமுறை மாற்றிக்கொண்டார். தூரத்தில் சோதனைச் சாவடியும், சாலையில் தடுப்பும், இரண்டு காவலர்களும் தெரிந்தபோது, "இப்ப பிரேக்க லேசா மிதிங்க" என்றார். கவிழுமே என்றேன். கவிழாது என்றார். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் மூடவில்லை. மிதித்தேன். பச்சை விளக்கு அணைந்தது. கார் சாதுவாக வேகம் குறைந்தது.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதான். பிரேக்குல கால் பட்டதுமே கம்ப்யூட்டர் கைய விட்டுரும்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எறங்கி ஓடியிருப்பீங்க."

உண்மைதான். ஓடியிருப்பேன். காரைத் தடுப்புக்கு முன் நானே ஓரமாக நிறுத்தினேன்.

கார் திருடியதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாவைக் கடத்தியதாகச் சொல்வது சரியல்ல. சாவடிக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது அவர். அவரையே கேட்டுக்கொள்ளலாம். போகும்போது அவர் என்னிடம், தன் வகுப்பில் இருபத்தாறு பேர் இருந்தும் இந்த வருடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை என்றும், சேர்வதற்கு வயது வரம்பு இல்லை என்றும் சொன்னார். இது வழக்குக்குத் தேவையில்லை என்றார் எழுதிக்கொண்டிருந்த அதிகாரி. எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். லாரி திரும்பியதும் "கார் கண்டபடி வேகமெடுத்தது" என்று முதலில் எழுதியிருந்தது தவறு. கண்டபடி எடுக்காது, வைத்த வேகத்துக்குத் திரும்பும், அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூடப் போகாது. நீதிமன்றத்தில் டீச்சரும் கேட்பார் என்பதால் திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. மற்றபடி இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னதே, நடந்ததே.

(கையொப்பம்)