பெட்டியை மாத்தியாச்சு

மின்வாரிய ஊழியர் ஏறி நின்ற ஏணியை இழுத்துத் தள்ளியவன் என் தம்பிதான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு வயது இருபத்தொன்பது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைக்கிறேன். மூடிக்கிடக்கும் சோப்புத்தூள் ஆலைக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் தம்பியுடன் குடியிருக்கிறேன். அவனைத் தெருவில் எல்லோரும் ‘டவர்’ என்று கூப்பிடுவார்கள். எந்தச் செய்தியும் அவன் கைபேசிக்குத்தான் முதலில் வரும் என்பதால் அந்தப் பெயர்.

எங்கள் அப்பா அந்த ஆலையில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன்பு கொதிகலன் வெடித்தபோது நானும் தம்பியும் ஆலை வாசலில் நின்றோம். ஒலிபெருக்கி கட்டிய அரசாங்க வண்டி வந்து, வெறும் புகைதான், உள்ளே யாருக்கும் எதுவும் இல்லை, வதந்தியை நம்பாமல் கலைந்து போங்கள் என்று அறிவித்தது. அழுதுகொண்டிருந்த பெண்களிடம் தம்பிதான், “அதான் கவர்மென்ட்டே சொல்லுதுல்ல, போங்கக்கா, வீட்டுக்குப் போங்க” என்று சொல்லி அனுப்பினான். அதன் பிறகு என்னையும் வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பிட வைத்து, அப்பாவுக்கு ஒரு தட்டில் எடுத்து மூடிவைக்கச் சொன்னான். மறுநாள் எங்களைப் பிணவறைக்குக் கூப்பிட்டார்கள். இடுப்பு பெல்ட்டை வைத்து அப்பாவை அடையாளம் காட்டினோம். அந்த அறிவிப்பைச் செய்தவர்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்று அன்றே கத்திய டீக்கடைக்காரர் மேல், வதந்தி பரப்பியதாகப் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது.

அதன் பிறகு அரசாங்கம் எதைச் சொன்னாலும் தம்பி அதைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்ப்பான். மழை வராது என்று வானொலியில் சொன்னால் குடையை எடுப்பான். பாதி நாள் மழையும் வந்து தொலைத்தது.

அதே ஆலையில் வேலை பார்த்த அவனுக்கு, ஆலை மூடிய பிறகு வேலை இல்லை. அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. நான்கூட, “லைட்ட அணைச்சியாடா?” என்பதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை. கைபேசியில் ஏதோ குழுவில் சேர்ந்த பிறகு, வயதானவர்கள்கூட அவனை நிறுத்தி, “என்னப்பா டவர், மேல என்ன நடக்குது?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்வான்.

தேர்தல் முடிந்து வாக்குப்பெட்டிகளை எங்கள் தெருமுனைப் பள்ளியில் பூட்டி வைத்திருந்தார்கள். வாக்கு எண்ணிக்கைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அன்று காலை தம்பியின் குழுவில், கரண்டை நிறுத்திவிட்டுப் பெட்டிகளை மாற்றப் போகிறார்கள், விழிப்பாக இருங்கள் என்று செய்தி வந்தது. மத்தியானம் கரண்ட் போனது. எங்கள் தெருவில் வாரத்தில் பாதி நாள் கரண்ட் போகும். அன்று போனதை மட்டும் எல்லோரும் கவனித்தோம்.

நானும் தம்பியும் தெருக்காரர்கள் சிலரும் பள்ளிச் சுவரோரம் போய் நின்றபோது மின்வாரிய ஊழியர் தனியாகக் கம்பத்தில் ஏணி சாத்தி மேலே இருந்தார். கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினார். அவர் பேசியது இது: “பெட்டிய மாத்தியாச்சு சார். பழச வண்டில ஏத்திடறேன். ஓட்டு எண்ணுற ஆளுங்க வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்.”

எனக்கும் வாக்குப்பெட்டி என்றுதான் பட்டது. அவர் சொன்னது ஃபியூஸ் பெட்டி என்று அந்த நிமிடம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தம்பி, “கேட்டீங்களா? அவன் வாயாலயே சொல்லிட்டான்!” என்றான். ஊழியர் மேலிருந்து, “யோவ், ஃபியூஸ் பெட்டிய்யா! கீழதான் கிடக்கு, கண்ணத் தொறந்து பாருங்க” என்று கத்தினார். கம்பத்தடியில் கிடந்த பழைய பெட்டியைத் தம்பி திறந்தான். கருகிய கம்பிகளும் பீங்கான் துண்டுகளும் இருந்தன. அதை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். “விடுடா, ஃபியூஸ் பெட்டிதான்டா” என்று நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன், “நம்மகிட்ட காட்டுறதுக்குன்னே இத வச்சிருக்கான்க்கா. அன்னைக்கும் இப்படித்தான் நம்பி வீட்டுக்குப் போனோம்” என்று சொல்லி, என் கையை உதறிவிட்டு ஏணியை இழுத்தான். வேறு யாரும் ஏணியைத் தொடவில்லை.

ஊழியர் இடுப்பு அடிபட விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் போனவர்களிடம், “அந்த ஒயரத் தொடாதீங்க, லைன்ல கரண்ட் இருக்கு” என்றார். அதன் பிறகு நினைவு தப்பியது.

நான் மருத்துவமனைக்குப் போய் அவர் மனைவியைப் பார்த்தேன். இனி நடப்பாரா என்பது தெரியாது என்று சொன்னார். தம்பியை யார் ஏவிவிட்டது என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். “சும்மா எவனாவது இழுப்பானா? எங்க வீட்டுக்காரரு ஆபீஸ்ல அவருக்கு ஆகாதவங்க இருக்காங்க, எனக்குத் தெரியும்” என்றார்.

அதன் பிறகு காவல் நிலையத்தில் ஆய்வாளர் அதையே கேட்டார். தோற்கப் போகும் கட்சி ஆள் வைத்துச் செய்தது, என் தம்பி அதில் ஒரு கை, அந்தக் குழுவில் இருக்கிற எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு என்றார். பின்னால் ஒருவரும் இல்லை என்று சொன்னதற்குச் சிரித்தார். “எல்லாத்துக்கும் பின்னாடி ஒருத்தன் இருப்பாம்மா. உனக்கெல்லாம் புரியாது” என்றார். வீட்டில் தம்பி என்னிடம் தினமும் சொல்வதும் இதே வார்த்தைதான். அவன் சொன்னால் வதந்தி, இவர் சொன்னால் குற்றப்பத்திரிகை. கட்சியின் தூண்டுதலால் என்று அவர்களே எழுதி வைத்திருந்த தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை.

தம்பி மேல் கூட்டுச் சதி என்று சேர்த்திருக்கிறார்கள். அது நிரூபணமானால் ஏணியை இழுத்ததற்குக் கிடைப்பதைப் போல இரண்டு பங்கு காலம் உள்ளே இருக்க வேண்டும் என்று சட்ட உதவி வக்கீல் சொன்னார். ஏணியை இழுத்ததற்கு உண்டானதை அவன் அனுபவிக்கட்டும். அதற்கு எதிராக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஒருவரும் செய்யாத சதிக்கு அவன் போகக் கூடாது.

இந்த வாக்குமூலத்தில் இதுவரை எழுதியதை நீதிமன்ற எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. கையெழுத்துப் போடுமுன், இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளரை ஒன்று கேட்கிறேன், அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்: என் தம்பியை ஏவியவன் ஒருவன் இருக்கிறான் என்கிறீர்களே, அவன் பெயரைச் சொல்லுங்கள்.

(பதில் எதுவும் பதிவாகவில்லை. சாட்சி கையொப்பமிட்டார்.)